ருதைனாவின் கைப்பைக் கடை

இர்பித் நகரத்து ருதைனா, தான் பூவேலை செய்த கைப்பைகளை இன்ஸ்டாகிராமில் விற்கிறாள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு வரி இருக்கும்: ‘இதை வாங்கினால் காது கேளாத ஒரு பிள்ளையின் காதுக் கருவிக்குப் பேட்டரி போகும்.’

அந்த வரிதான் அவள் அண்ணன் ஃபவ்வாஸின் கண்ணை உறுத்தியது. வெள்ளிக்கிழமை, மன்சஃப் சோற்றுத் தட்டைச் சுற்றிக் குடும்பமே உட்கார்ந்திருக்கும்போது ஆரம்பித்தான்.

“வலது கை குடுக்கிறது இடது கைக்குத் தெரியக் கூடாதுன்னு நீ கேட்டதே இல்லையா? ஊருக்கே தம்பட்டம் அடிக்கிற. அந்த வரியை எடு, இல்ல கடையை மூடு.”

“நீ குடுக்கிறதை மறைச்சே வெச்சுக்க அண்ணே. இதுவரைக்கும் யார் கண்ணுலயும் படலையே!”

பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. ருதைனா கையைக் கழுவிவிட்டு வந்து, தையல் சட்டத்தை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“நல்லாப் பாரு. மேலேருந்து வலது கை குத்துற ஊசியை, கீழே வாங்கித் திருப்பி அனுப்புறது இடது கை. அதுக்குத் தெரியாம இங்க ஒரு தையல்கூட விழாது.”

அன்று மாலையே அந்த வரியைப் படங்களின் மேலேயே பெரிய எழுத்தில் போட்டாள். கடையின் பெயரையும் மாற்றினாள்: ‘இடது கை’.