பேட்டரி எழுதிய விமர்சனம்

தொண்ணூறுகளின் நடுவில் ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தேன். பவர் மெட்டல் என்ற ராக் இசை என்றால் எனக்கு உயிர். டிரம் தடதடக்க, பாடகர் உச்சக் குரலில் வாளையும் டிராகனையும் பாடும் அந்த இசையை எங்கள் ஊரில் கேட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பெங்களூரில் இதே பைத்தியம் பிடித்த நண்பர் ஒருவர் ஜெராக்ஸில் சின்னதாகப் பத்திரிகை நடத்தினார். எங்கள் அபிமானக் குழுவின் வரப்போகும் ஆல்பத்திலிருந்து மூன்று பாட்டுகள் எப்படியோ அவர் கைக்குக் கிடைத்துவிட்டன. கேசட்டில் பதிந்து அனுப்பி, முதல் அபிப்பிராயத்தை என்னை எழுதச் சொன்னார். நான் எழுதி நாலு பேர் படிக்கப்போவது அதுதான் முதல் தடவை. தலைகால் புரியவில்லை.

வாக்மேனில் கேட்டேன். டிரம் நொண்டியது. பாடகர் தூக்கம் கலையாதவர் போல முனகினார். வந்த கோபத்தில் நான்கு பக்கத்துக்குக் கிழித்துத் தொங்கவிட்டேன்: இவர்களுக்கு வயதாகிவிட்டது, கடையை மூடலாம். காலையில் அதைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு, பெரிய விமர்சகன் என்ற மிதப்போடு கம்பெனி பஸ் ஏறினேன்.

அன்று பார்த்து டிரைவர் அண்ணனின் கேசட் சிக்கிக்கொண்டது. என்னிடமிருந்ததை வாங்கிப் போட்டார். முதல் பாட்டு பஸ்ஸையே தூக்கிக்கொண்டு பறந்தது. அசெம்பிளி லைனில் வேலை செய்யும் அக்கா ஒருவர், குதிரைப் பட்டாளமே ஓடுகிறது என்று சொல்லி ஜன்னல் கம்பியில் தாளம் போட்டார். எனக்கு மட்டும் வியர்த்தது.

"இதே கேசட்டுதாங்கண்ணா. என் வாக்மேன்ல இழுவையா பாடுச்சே" என்றேன்.

"பேட்டரி மாத்தி எத்தன நாளாச்சு?" என்று கேட்டார் டிரைவர், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மாதக்கணக்காகியிருந்தது. பேட்டரி இறங்கி வாக்மேன்தான் மெதுவாகச் சுற்றியிருக்கிறது. கடிதமோ பெட்டிக்குள். அது அச்சாகிவிட்டால் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது. மத்தியானம் சோற்றைத் தொடாமல் புதிதாக எழுதினேன். பெங்களூரிலிருந்து தினமும் பைக்கில் வந்துபோகும் சூப்பர்வைசர் அதை அன்று சாயங்காலமே நண்பரிடம் சேர்த்துவிட்டார். தபாலில் போட்ட பழையதும் பின்னாலேயே போய்ச் சேர்ந்தது. அந்தப் படுபாவி நண்பர் இரண்டையும் எதிரெதிர்ப் பக்கங்களில் போட்டு, பழையதற்குக் கீழே 'எழுதியது: செத்த பேட்டரி' என்று சேர்த்திருந்தார். படித்துவிட்டு நானே விழுந்து விழுந்து சிரித்தேன்.

சில மாதம் கழித்து ஆல்பம் வெளிவந்து, முழுக் கேசட்டும் கைக்கு வந்தது. பொறுக்க மாட்டாமல் பஸ் நிறுத்தத்திலேயே வாக்மேனைத் திறந்தேன். உள்ளே புது பேட்டரிதான். அதற்குள் பஸ் வந்து நின்றது. டிரைவர் அண்ணன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார்.

"அதுல கேக்காத. இங்க குடு, எல்லாரும் கேக்கலாம்."