பச்சைக்காய்க்கு மாறிய கட்டிங் மாஸ்டர்

கட்டிங் மாஸ்டர் முட்டைக்கோஸை நூலிழையாக அரிந்துகொண்டிருந்தார். துணி வெட்டிப் பழகிய கை. ஒரு துண்டு தடித்தாலும் பொறுக்காது. பக்கத்தில் வெள்ளரி, குடைமிளகாய், ஊறவைத்த பாதாம். சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு எல்லாவற்றுக்கும் கும்பிடு போட்டு ஒரு மாதமாகிறது. சர்க்கரை நோயை விரட்டியே தீருவதென்று வரிந்துகட்டியிருந்தார். உடம்பும் இளைத்திருந்தது, அதை அவர் மனைவி மறுக்கவில்லை. ஆனால் சில நாளாக முற்பகலில் அவருக்கு முகம் வெளிறி வியர்த்துக் கொட்டுகிறது. அதுதான் அவளுக்கு உறுத்தியது.

“டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாங்க.”

“சொன்னா சோறு சாப்பிடுன்னுவாரு. மாத்திரையை ஒரு வேளையாவது விட்டிருக்கேனா? அப்புறம் என்ன?”

விடவில்லைதான். சோறு தின்ற காலத்தில் எழுதிக்கொடுத்த மாத்திரை, சோறு நின்ற பிறகும் அதே அளவில் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

இருவருக்கும் ஒரே தையல் கம்பெனியில் வேலை. அவள் பிசிறு வெட்டும் மேசையிலிருந்து பார்த்தால் அவர் நிற்குமிடம் நேராகத் தெரியும். அன்று அவள் கண் அங்கேயே இருந்தது.

“என்னக்கா, மாஸ்டர் மேய்ச்சலுக்குக் கிளம்பிடுவாருன்னு காவலா?” என்றாள் பக்கத்து இருக்கைக்காரி.

“வாயை மூடிக்கிட்டு நூலை வெட்டுடி.”

அடுக்கிய துணியின்மேல் சாக்பீஸ் கோட்டோடு மாஸ்டர் வெட்டும் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். கோடு வளைந்தது. கத்தி வளையவில்லை, நேரே போனது. அந்த வழியில் துணியை அழுத்திப் பிடித்த அவருடைய இடது கை இருந்தது. வியர்வையில் வழுக்குகிறதென்று இரும்புக் கையுறையைக் கழற்றி வைத்திருந்தார்.

கூப்பிட்டால் திடுக்கிட்டுத் திரும்புவார். அவள் வாயைத் திறக்காமல் ஓடிப்போய்ச் சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தாள். கட்டைவிரலுக்கு ஒரு விரற்கடை முன்னால் கத்தி நின்றது.

“எவன்டா அணைச்சது?” நாக்கு குழறியது. மனைவியை யாரோபோலப் பார்த்தார்.

சர்க்கரை அளவு இறங்கிவிட்டதென்று அவளுக்குப் புரிந்தது. டீக்கு வைத்திருந்த சர்க்கரையை அள்ளித் தண்ணீரில் கலக்கிக் கொண்டுவந்தாள். தட்டிவிட்டார். பாதி தரையில் கொட்டியது.

“சர்க்கரையா? என்னைக் கொல்லப் பாக்குறியா? இத்தனை நாள் வாயைக் கட்டினது வீணாப் போகணுமா?”

நினைவு தப்பிவிட்டால் எதையும் புகட்டக்கூடாது, புரையேறிவிடும். விழுங்கத் தெரியும்போதே உள்ளே போயாக வேண்டும். அவள் கெஞ்சவில்லை. ஸ்டூலில் அழுத்தி உட்காரவைத்து, மிச்சத்தை வாயருகே பிடித்தாள்.

“குடிச்சிட்டுச் சண்டை போடுங்க. நான் எங்கயும் ஓடிடல.”

முறைத்தார். மல்லுக்கட்டத் தெம்பில்லை. மடக்கு மடக்காகக் குடித்தார். சற்று நேரத்தில் வியர்வை அடங்கி, பார்வை தெளிந்தது.

“தரை ஏன் ஈரமா இருக்கு?” என்று கேட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. மேய்ச்சல் கேலி பேசியவள் தரை துடைக்கும் துணி தேடிப் போனாள். மனைவி அவர் கையில் பிஸ்கட்டைத் திணித்துவிட்டு டாக்டருக்குப் போன் போட்டாள். இரவு மாத்திரை வேண்டாம், ராத்திரி தனியாக விடவேண்டாம், காலையில் முதல் ஆளாக வாருங்கள் என்றார் டாக்டர்.

மறுநாள் காலை டாக்டர் ஒரு மாத்திரையை நிறுத்தி, இன்னொன்றைக் குறைத்தார். “பச்சைக்காய் தாராளமா சாப்பிடுங்க. என்கிட்ட மறைக்காம சாப்பிடுங்க.” மெஷினைச் சில நாள் தொடக்கூடாது என்றும் சொன்னார். மாஸ்டர் முணுமுணுத்துக்கொண்டே கம்பெனிக்குப் போனார். விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்த்து மனைவியிடம் காட்டிவிட்டு, சாக்பீஸை எடுத்துக் கோடு மட்டும் போட்டார். வெட்டியது வேறொருவர்.