எல்லைக்கோட்டில் நின்ற மங்கை அக்கா

ஓல்டன் புகையிரத நிலையத்தின் பொதி அறையில் வேலையாக நின்றபோது, மேற்பார்வையாளர் வந்து எனக்குத் தொலைபேசி என்றார். வேலைநேரத்தில் என்னை யாரும் அழைப்பதில்லை. ஊரில்தான் ஏதோ நடந்துவிட்டது என்று ஓடினேன். மறுமுனையில் சூரிச்சுக்குப் பக்கத்து ஷ்லீரனிலிருந்து யோகன் அண்ணை.

"மங்கை போயிட்டாள், தம்பி."

அவர் மனைவி, எங்கள் மங்கை அக்கா. வேலை செய்த சலவைச்சாலையில், தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் குந்தியவர் எழும்பவில்லையாம். மூளையில் இரத்தக்கசிவு என்றார்கள். வயது முப்பதைத் தாண்டிக் கொஞ்சம்தான். அடுத்த வண்டியில் ஏறினேன். இருக்கைகள் காலியாக இருந்தும் என்னால் இருக்க முடியவில்லை. கதவருகே நின்றேன், அடுத்த பெட்டிக்குப் போனேன், திரும்பி வந்தேன்.

அவரை அறிந்தவர்களுக்கு இதை எழுதுகிறேன். உங்களில் சிலருக்கு அவர் அகதி விடுதியில் மொழிபெயர்த்து உதவியவர். சிலருக்கு, சண்டை பிடிக்கத் தயங்காதவர். எனக்கு அவர் எண்பத்தாறாம் ஆண்டுக் கோடையில் எங்கள் உதைபந்தாட்டக் குழுவின் எல்லைக்கோட்டில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தவர்.

அது ஒரு குழு என்று சொல்வதே அதிகம். விடுதியில் இருந்தவர்களும் தொழிற்சாலைகளில் வேலை கிடைத்தவர்களுமாகச் சேர்ந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றத் தொழிலாளர் குழுக்களோடு விளையாடி ஒழுங்காகத் தோற்றோம். யோகன் அண்ணை பந்துக்காப்பாளர். அவருடன் வந்து புல்லில் நின்று பார்த்த மங்கை அக்கா, ஒரு நாள் இடைவேளையில் மைதானத்துக்குள்ளேயே வந்துவிட்டார்.

"எல்லாரும் ஏன் ஒரு பந்துக்குப் பின்னால ஓடுறியள்? அது என்ன, பஸ்ஸோ?"

சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. பாடசாலையில் வலைப்பந்தாட்டம் ஆடியவர். "அதில பந்தோட ஓடேலாது. பிடிச்சால் ஆருக்கும் குடுக்கத்தான் வேணும். நீங்கள் ஒருத்தரும் குடுக்கிறியள் இல்லை" என்றார். அதற்குப் பிறகு யார் எங்கே நிற்பது என்பதை அவர்தான் சொன்னார். ஒரு பெண் சொல்லிக் கேட்பதா என்று முணுமுணுத்தவர்களும், அடுத்த வாரம் அவர் சொன்ன இடத்திலேயே போய் நின்றார்கள்.

ஆனால் பந்தைக் கொடுக்காததற்கு வேறு காரணமும் இருந்தது. அந்த ஆண்டு ஊரில் ஆயுதம் தூக்கிய இயக்கங்கள் ஒன்றோடொன்று மோதத் தொடங்கியிருந்தன. ஒரே சட்டியில் சமைத்தவர்கள் இங்கே தனித்தனியாகச் சமைத்தார்கள். எங்களில் மிக வேகமாக ஓடக்கூடியவன் குமரன். அவன் துவக்கைத் தூக்கிச் சுட்டவன் அல்ல. ஆனால் அடித்த இயக்கத்தின் பக்கம் நின்று, "அவங்கள் செய்தது சரி" என்று விடுதிச் சமையலறையில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னவன். அடிபட்ட இயக்கத்தில் இருந்தவர் மங்கை அக்காவின் தம்பி. அவரைப் பற்றி மாதக்கணக்காக ஒரு தகவலும் இல்லை. அந்தத் தம்பியோடு ஒரே வகுப்பில் படித்த தவம்தான் எங்கள் நடுக்களத்தில் ஆடினான். குமரன் தனியாக நின்று கையைத் தூக்கினாலும் தவம் பந்தை மறுபக்கம் அடிப்பான். நாங்கள் தோற்போம். தோற்றாலும் பரவாயில்லை என்பது போலிருக்கும் அவன் முகம்.

பருவத்தின் முடிவில் ஷாஃப்ஹவுசனில் ஒரு சுற்றுப்போட்டி. அதற்கு முந்திய வாரம் யோகன் அண்ணையின் அறையில் கூடினோம். குமரன் வரவில்லை. அவனை நீக்கிவிட வேண்டும் என்று தவம் சொன்னான்.

"அவன் விளையாடுவான்" என்றார் மங்கை அக்கா.

"அக்கா, அவன்ர ஆக்கள்தான் உங்கட தம்பியை..."

"எனக்குத் தெரியாத கதையோ, தவம்? நீ எனக்குச் சொல்லித்தரப் போறியோ?" எழுந்து யன்னலைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "அங்கை ஆளை ஆள் தள்ளித்தான் இந்த நிலைமை. இஞ்சையும் தள்ளினால், நாங்கள் ஏன் இவ்வளவு தூரம் ஓடி வந்தனாங்கள்?"

தவம் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனான். வருவானோ என்று ஒருவருக்கும் தெரியாது.

வந்தான். குமரனும் வந்தான். ஒரே வண்டியில், வெவ்வேறு பெட்டிகளில். மங்கை அக்கா மட்டும் பிந்தி, தனியாக வந்து சேர்ந்தார். கண்கள் வீங்கியிருந்தன. கேட்டதற்குத் தடிமன் காய்ச்சல் என்றார். அன்று முழுக்க அவர் ஓரிடத்தில் நிற்கவில்லை. எல்லைக்கோட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்க்கொண்டே இருந்தார். மத்தியஸ்தர் இரண்டு தரம் எச்சரித்தார். அக்காவின் குரல் மட்டும் எங்களுக்கு மேலாக வந்துகொண்டே இருந்தது: "குமரனுக்குக் குடு! தவம், குமரனுக்குக் குடு!"

முதல் ஆட்டம் முடியப் போகும் நேரம். தவத்தின் காலில் பந்து. முன்னால் இரண்டு பேர் மறித்துவிட்டார்கள். இடப்பக்கத்தில் குமரன் மட்டுமே மறிப்பார் இல்லாமல் நின்றான். தவம் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, எரிச்சலோடு எறிவது போல, பந்தைக் குமரனுக்கு அடித்தான். குமரன் அதைக் கோலுக்குள் போட்டான். வென்றோம். யாரும் குமரனைக் கட்டிப்பிடிக்கவில்லை. ஆனால் அடுத்த ஆட்டத்தில் தவம் கேட்காமலே கொடுத்தான். அதிலும் அதற்கடுத்ததிலும் தோற்று வெளியேறினோம். அதுவரை நாங்கள் கண்ட ஒரே வெற்றி அந்த முதல் ஆட்டம்தான்.

திரும்பும் வண்டியில் எல்லோரும் ஒரே பெட்டியில் இருந்தோம். யாரோ பாடத் தொடங்கியபோது மங்கை அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"தம்பி செத்திட்டான். காலமைதான் தொலைபேசி வந்தது. சுட்டது ஆரெண்டும் சொன்னவை."

யோகன் அண்ணைக்கே அப்போதுதான் தெரியும். அந்த அழைப்பு வருமுன்பே அவர் எங்களோடு முதல் வண்டியில் வந்துவிட்டிருந்தார். குமரன் எழுந்து நின்றான், எங்கே போவது என்று தெரியாதவன்போல. "அக்கா, ஏன் காலமையே சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் நீ விளையாடியிருப்பியோ? இவங்கள்தான் உன்னை விட்டிருப்பாங்களோ?"

"அக்கா, நான்..."

"உன்னை நான் மன்னிச்சிட்டன் எண்டு ஒருத்தருக்கும் சொல்லாதை. மன்னிப்பனோ எண்டு எனக்கே தெரியாது. இரு. வாற ஞாயிறு பயிற்சிக்கு வா."

அவன் இருந்தான். அதன் பிறகுதான் அவர் அழுதார். தவம் தன் மேற்சட்டையைக் கழற்றி அவர் தோளில் போட்டான்.

அதன் பிறகு அந்தக் குழு இன்னும் ஒரு பருவம் தாக்குப்பிடித்தது. மங்கை அக்கா குமரனுடன் சிரித்துக் கதைத்ததை நான் கண்டதில்லை. அவன் வராத ஞாயிறுகளில் ஏன் வரவில்லை என்று விசாரிக்காமல் விட்டதையும் கண்டதில்லை. கடைசியாக அவரைச் சந்தித்தபோது, மனம் ஆறிவிட்டதா என்று கேட்டேன். "ஆறேல்லை. ஆறட்டும் எண்டு காத்துக்கொண்டிருந்தால் ஒண்டும் செய்யேலாது" என்றார்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஆறுதலை அல்ல. மனம் கொதிக்கும்போதும் ஒருவனைத் தள்ளிவிடாமல் நிற்கும் அந்தப் பிடிவாதத்தைத்தான். அது எனக்கு எளிதாக வரவில்லை. ஊர் நிலைமை இப்போதும் அப்படியேதான் இருக்கிறது. இங்கும் பல அறைகளில் பேச்சு இல்லை.

நேற்றுக் குமரன் அழைத்தான். கேட்டான்:

"தகனத்துக்கு நான் வரலாமோ, அண்ணை? ஆக்கள் என்ன சொல்லுவினமோ தெரியாது."

எனக்கும் தெரியவில்லை. தவம் வருவான், ஊர்க்காரர் வருவார்கள், யாராவது ஏதாவது சொல்லக்கூடும். தொலைபேசிக் கம்பியின் நீளத்துக்கு அங்கும் இங்கும் நடந்தேன்.

"வா" என்றேன். "எனக்குப் பக்கத்தில நில்."

அவன் எந்த வண்டிக்கு வரவேண்டும் என்று மட்டும் கேட்டான்.