கொக்கின் கழுத்தில் சிவப்புக் கோடு

இரத்தினபுரி பஸ் ஸ்டாண்டுக்குள் தோணி ஓடியதே, அந்தப் பெருவெள்ளத்து வருசம். வெள்ளம் வந்தது வைகாசியில். எங்கள் பங்களாவுக்குப் பின்னால் மண் சரிந்து கோழிக்கூட்டை அப்படியே கொண்டுபோனது. பதினொரு கோழி. அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது அதே வருசத்து ஆயுத பூசையில் தொடங்கியது. அன்றைக்குத்தான் முதலாளி என் முன்பல் இரண்டை உடைத்தார்.

ஓப்பநாயக்கவுக்கு மேலே ஒரு சின்னத் தேயிலைத் தோட்டம். முதலாளி மாணிக்கக்கல் வியாபாரி. நான் பங்களாச் சமையல்காரன், என் தம்பி காவல்காரன். முதலாளிக்குச் சட்டென்று கை ஓங்கும். சோறு குழைந்தால் தட்டு சுவரில் போய் விழும். ஒருநாள் குரைத்ததற்காக நாயை ஜீப் சங்கிலியால் அடித்தார், அதற்குப் பிறகு அது மூன்று காலில்தான் நடந்தது. அதே மனிதர் கடிகாரத்தைத் தொடும்போது பிறந்த பிள்ளையைத் தூக்குகிற மாதிரித் தூக்குவார்.

முப்பத்தொரு கடிகாரம் வைத்திருந்தார். எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. முகத்தில் கையாலேயே எனாமல் சித்திரம் தீட்டியது. ஒன்றில் கப்பல், ஒன்றில் மாதுளம்பழம், ஒன்றில் நீலத் தண்ணீரில் நிற்கிற வெள்ளைக் கொக்கு. எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது, ஆனால் மணி பார்க்கத் தெரியும். அதனால் தினமும் காலையில் எல்லாவற்றுக்கும் சாவி கொடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. கடிகார அறையின் சாவி தம்பியின் இடுப்பில் இருக்கும். அவன் திறந்துவிட்டால்தான் நான் உள்ளே போகலாம்.

நல்ல மனநிலையில் இருந்த ஒருநாள் முதலாளி எனக்கு விளக்கினார். கண்ணாடியைத் தூளாக்கி, வர்ணம் சேர்த்து, செப்புத் தகட்டில் மயிரிழைத் தூரிகையால் பூசி, சூளையில் சுடுவார்களாம். மறுபடி பூசி, மறுபடி சுடுவார்களாம். சூடு கொஞ்சம் பிசகினால் அத்தனையும் வெடித்துப்போகுமாம்.

"அப்போ நம்ம தேத்தண்ணிக் கோப்பை மாதிரிதானுங்களா, ஐயா?" என்றேன். லயத்தில், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளில், எங்களுக்கெல்லாம் எனாமல் கோப்பைதான்.

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடோ, உன் ஓட்டைக் கோப்பையும் இதுவும் ஒண்ணா? வெளிய போ, மோடயா!" மோடயா என்றால் சிங்களத்தில் முட்டாள்.

ஆயுத பூசைக்கு எங்கள் ஆட்கள் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற கத்தி, மண்வெட்டி, கொழுந்துக் கூடை, ஃபெக்டரி மெசின் எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். வேலை செய்கிற சாமானுக்கு அன்று ஓய்வு, மரியாதை. நான் அகப்பைக்கு வைத்தேன், அம்மிக்கு வைத்தேன். பிறகு யோசித்தேன். தினமும் என் கை தொடுகிற சாமான் வேறென்ன? தம்பியைத் திறக்கச் சொல்லி, முப்பத்தொரு கடிகாரத்துக்கும் பொட்டு வைத்தேன். முப்பதுக்கும் மேலே கண்ணாடி இருந்தது. கொக்குக்கு மட்டும் இல்லை. கண்ணாடி கழன்று, கொழும்புக்கு அனுப்ப எடுத்து வைத்திருந்தார்கள். ஈரக் குங்குமம் நேராகக் கொக்கின் மேலேயே பட்டது.

சாயங்காலம் துணியால் துடைத்தேன். பொட்டு போனது. கொக்கின் கழுத்திலிருந்து தண்ணீர் வரைக்கும் ஒரு சிவப்புக் கோடு மட்டும் நின்றது. கண்ணுக்குத் தெரியாத பழைய வெடிப்பு ஒன்று அங்கே இருந்திருக்கிறது. குங்குமம் அதற்குள் இறங்கிவிட்டது. கழுத்தை அறுத்த மாதிரி இருந்தது.

முதலாளி அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டார். பெல்ட்டைக் கழற்றி, வளையம் இருக்கிற பக்கத்தால் அடித்தார். முதல் அடி வாயில். கீழே விழுந்த பிறகு காலால். எத்தனை அடி என்று தெரியாது. அந்தத் தரை சிவப்பு சிமெந்து. என் இரத்தம் அதில் தெரியவில்லை, பல் மட்டும் வெள்ளையாகக் கிடந்தது.

கடிகாரங்களைப் பழுது பார்க்கக் கொழும்புக்கு எடுத்துப்போகிறவர் முதலாளியின் மச்சினர். சின்ன முதலாளி என்போம். கொக்கையும் அவர்தான் கொண்டுபோனார். கார்த்திகையில் திரும்பி வந்தது. புதுக் கண்ணாடி. கோடு இல்லை.

"பார்த்தியா, கொழும்புக் கடைக்காரன் சுத்தமா எடுத்துட்டான்" என்று சின்ன முதலாளி என் முதுகில் தட்டினார்.

மறுநாள் காலை சாவி கொடுக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. முறுக்குகிற போது கைக்குள் வருகிற அந்தப் பிடி இல்லை. நீலமும் சாயத் துணி மாதிரி ஒரே சீராக இருந்தது. இது அந்தக் கொக்கு இல்லை. ஆனால் கோடு போனதோடு என் குற்றமும் போனது. பல்லில்லாத ஈறு இன்னும் வலித்துக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

தைப்பொங்கல் முடிந்து ஒரு வெளிநாட்டு வியாபாரி வந்தார். கண்ணில் லென்ஸ் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, கொக்கையும் இன்னும் ஆறையும் தள்ளி வைத்தார். போலியாம். அந்த ஆறும் நான் சாவி கொடுக்கத் தொடங்குமுன்பே மாறியிருக்க வேண்டும். அவர் கார் கேட்டைத் தாண்டவில்லை, முதலாளி கத்தினார்.

"சாவி யாருகிட்ட?"

தம்பியைக் கராஜுக்கு இழுத்துப்போய் ஜீப் பம்பரில் கட்டினார்கள். பட்டப்பகல். கொழுந்து நிறுக்க வந்த பெண்கள் கூடையோடு நின்று பார்த்தார்கள். அடித்தது சின்ன முதலாளி. முதலில் றப்பர் பைப். தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு வீல் ஸ்பேனர். வலது கையைப் பம்பரில் வைத்து விரல்களின் மேல் இறக்கினார். காய்ந்த விறகு முறிகிற சத்தம்.

"ஹொரா! கள்ளன்! எங்கடா வித்த?"

"அண்ணே!" தம்பி என்னைப் பார்த்துக் கத்தினான். "நான் எடுக்கலன்னு சொல்லுண்ணே! ஒனக்குத் தெரியுமேண்ணே!"

நான் சமையலறைக்கு ஓடினேன். பயந்து ஓடுகிறேன் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். என் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு வந்து முதலாளியின் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"ஐயா, இந்த வெடிப்பப் பாருங்க. சாம்பல் போட்டுத் தேய்ச்சேன், புளி போட்டுத் தேய்ச்சேன். உள்ள ஏறின தேத்தண்ணிக் கறை போகல. சுட்ட கண்ணாடி வெடிச்சா ஒட்டாதுங்க. கொழும்புக்குப் போயிட்டு வந்த அந்தக் கொக்குக்குக் கோடு எங்கங்க ஐயா போச்சு?"

"குடிச்சிருக்கான் மச்சான், இவன் பேச்சக் கேக்காதீங்க" என்றார் சின்ன முதலாளி.

முதலாளி ஸ்பேனரைக் கேட்டு வாங்கினார். கொக்கைக் கராஜ் படியில் வைத்து ஓங்கி அடித்தார். கண்ணாடி உடைந்து, முள் பறந்தது. கொக்கு சிதறவில்லை. பால்மா டின் மூடி மாதிரிக் குழிந்து வளைந்தது. நீலம் சாயமாக உரிந்தது.

அவர் குழிந்த தகட்டைப் பொறுக்கி எடுத்துப் பார்த்தார். பிறகு அதே ஸ்பேனரோடு மச்சினர் பக்கம் திரும்பினார். முழங்காலில் ஒன்று, தோளில் இரண்டு. பெண்கள் அலறினார்கள். முதலாளியின் மனைவி வந்து குறுக்கே விழுந்திராவிட்டால் கொன்றிருப்பார். தன் தம்பியை மடியில் போட்டுக்கொண்டு அந்த அம்மா அழுதது எனக்கு இன்னும் கேட்கிறது. இரண்டு பேருடைய இரத்தத்தையும் நான்தான் கழுவினேன். அது பிறகு.

"ஒனக்கு எப்ப தெரியும்?" முதலாளி என்னைக் கேட்டார். ஸ்பேனர் இன்னும் கையில்.

"இன்னைக்குத்தாங்க ஐயா. இப்பத்தான் யோசிச்சேன்."

லொறியில் பலாங்கொடை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் தம்பி கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிடந்தான். ஓப்பநாயக்க கடைத்தெரு தாண்டியதும் என் பக்கம் திரும்பினான்.

"தெனமும் சாவி குடுக்கிறவன் நீ. ஒனக்கு இன்னைக்கா தெரிஞ்சிச்சு?" என்றான்.

அதுதான் அவன் என்னோடு கடைசியாகப் பேசியது. மூன்று விரல் மடங்கவில்லை. பெண்டாட்டியின் ஆட்களோடு கரவனெல்லப் பக்கம் றப்பர் தோட்டத்துக்குப் போனான். அந்தக் கையால் பால் வெட்ட முடியாமல் புல் வெட்டினான். செத்ததும் அங்கேதான். சாவுக்குப் போன என்னை அவன் பிள்ளைகள் யாரோ என்பது போலப் பார்த்தார்கள். களவெடுத்து அடிவாங்கிய கை என்று அந்தத் தோட்டத்தில் பேசிக்கொள்வதை என் காதால் கேட்டேன். அன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை.

நான் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதிய இதை, கரவனெல்லப் பக்கம் போகிறவர்கள் யாராவது படித்தால், வலது கையில் மூன்று விரல் மடங்காமல் புல் வெட்டியவரின் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் அப்பா எதையும் எடுக்கவில்லை, பெரியப்பாவுக்கு இரண்டு மாதம் முன்பே தெரியும், அடிக்குப் பயந்து சொல்லவில்லை என்று சொல்லிவிடுங்கள். இரண்டு மாதம் என்பதை விட்டுவிடாமல் சொல்லுங்கள்.