போத்தலோடு பொரளைக்கு

போன செவ்வாய், வெள்ளவத்தையிலிருந்து பொரளைக்கு பஸ் ஏறினேன். சட்டைப்பையில் அடையாள அட்டை, கொழும்பில் தங்கும் தமிழன் காட்டவேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டு. கையில் பேப்பரில் சுற்றிய ஒரு சின்னப் போத்தல். உள்ளே என்னவா? அடியேனின் சிறுநீர்தான்.

ஒரு வாரமாகச் சலக்கடுப்பு, சொட்டுச் சொட்டாய் எரிவு. காய்ச்சலும் நடுக்கமும் சேர்ந்ததும் டொக்டர் சொல்லிவிட்டார். "கிட்னிக்கு ஏறினால் வாட்டிலதான் படுக்கை. சாம்பிள் ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள பொரளை லாபுக்குப் போகவேணும். வழியில திறந்து கிறந்து போடாதேங்கோ, டெஸ்ட் பிழைச்சுப் போகும்."

பாதி வழியில் செக்பொயின்ற். இறங்கி வரிசையில் நின்றோம். அரை மணித்தியாலம் போயிற்று. அடிக்கடி மணிக்கூட்டைப் பார்க்கிற தமிழன், கையில் பேப்பர் பொட்டலம்... குண்டு தேடுகிற சிப்பாய்க்கு வேறென்ன வேண்டும்?

"மே மொக்கத்த?" இது என்ன என்றான்.

"முத்ரா, மாத்தயா." சிறுநீர் ஐயா என்றேன்.

நம்பவில்லை. திற என்று சைகை காட்டினான். திறந்தால் டெஸ்ட் போச்சு! என் அலுவலகச் சிங்களத்தில் சலக்கடுப்புக்குச் சொல் இல்லை. நடித்துக் காட்டினேன் — நடு ரோட்டில், பஸ் முழுக்கப் பார்த்திருக்க.

சிப்பாய் சிரித்துவிட்டான். "யன்ன, யன்ன!" போகச் சொல்லிவிட்டான்.

மூன்றாம் நாள் ரிப்போர்ட். கிருமியைத் தட்டில் வளர்த்து, அதன்மேல் ஆறு மருந்துகளை வில்லை வில்லையாக வைப்பார்களாம். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமியில்லாத வட்டம் தெரியும். ஆறில் நாலுக்கு வட்டமே இல்லை.

டொக்டர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "இந்த நாலையும் முந்திக் குடிச்சனீங்களோ?"

நான் வாய் திறக்க முதல், கூட வந்த மனைவி முந்திக்கொண்டார். "ரெண்டு நாள் குடிப்பார் டொக்டர். எரிவு நிண்டால் மிச்சம் பிஸ்கட் டின்னுக்குள்ள. அடுத்த முறை டொக்டரிட்டப் போகாமல் டின்னுக்குள்ள கை விடுவார்."

"அதுதானே பார்த்தன். அரைகுறையாக் குடிச்சு, கிருமிக்கு நல்லா ட்ரெயினிங் குடுத்திருக்கிறீங்கள்."

வட்டம் காட்டிய இரண்டில் ஒன்றை எழுதித் தந்தார். ஏழு நாள், ஒரு வேளையும் தவறாமல். இன்று நாலாம் நாள். காய்ச்சல் இல்லை, எரிவு இல்லை. பழக்கதோஷத்தில் மிச்சக் குளிசைகளோடு பிஸ்கட் டின்னைத் தேடினேன்... காணோம். மனைவி குப்பைக்கு அனுப்பிவிட்டார்.

வாசகர்களே, ஒரேயொரு உதவி. வெள்ளவத்தையில் நான் ட்ரெயினிங் கேம்ப் நடத்திய விஷயத்தை அந்தச் சிப்பாயிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்!