முட்டி போடும் டீச்சர்

இங்கிலாந்தின் இந்தச் சிறு நகரத்துக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகியும் எனக்குப் பழகாத காட்சி ஒன்று உண்டு. மாலையில் பள்ளி விடும்போது என் மகளின் ஆசிரியை மிஸ் ஹெலன் ஈரத்தரையிலேயே ஒரு முட்டியை ஊன்றி, ஒவ்வொரு குழந்தையின் முகத்துக்கு நேராகவும் தன் முகத்தைக் கொண்டுவந்து விடைகொடுப்பார். கடலூரில் நான் படித்த பள்ளியில் முட்டி போட்டவர்கள் நாங்கள்தான், வீட்டுப்பாடம் எழுதாத நாள்களில். டீச்சர் முட்டி போட்டு யாரும் பார்த்ததில்லை.

அந்தக் காட்சியை ரசித்தேன் என்று சொல்ல முடியாது. பொறாமைப்பட்டேன். ஐந்து வயது யாழினி அந்த முகத்தைப் பார்த்துச் சிரிப்பாள், கேட்டதற்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். வீட்டில் நான் சமையலறையிலிருந்து தமிழில் நாலு முறை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். டிவி சத்தத்தைத்தான் கூட்டிக்கொண்டே போவாள். சில நாள் முதல் அழைப்பிலேயே ஓடிவருவாள் என்பதால், மற்ற நாள்களில் பிடிவாதம் என்றே நினைத்தேன்.

போன கோடை விடுமுறையில் சிதம்பரத்தில் அக்கா வீட்டில் தங்கியிருந்தோம். அங்கே யாரும் யார் முகத்தையும் பார்த்துப் பேசுவதில்லை. அடுப்படியிலிருந்து மாடிக்கு, மாடியிலிருந்து தெருவுக்கு என்று குரல் மட்டும் போய்வரும். யாழினியின் வயதே ஆன அக்கா மகன் எந்த மூலையிலிருந்தும் "தோ வரேம்மா" என்பான். என் மகள் மின்விசிறிக்குக் கீழே அசையாமல் உட்கார்ந்திருப்பாள்.

"தொரசாணிக்குத் தமிழ் ஏறல போலருக்கே," என்று அக்கா சிரித்தாள். "என்னாடி வளக்குற நீ? பத்து வயசுல உங்கிட்டயே இங்கிலீஷ்லதான் பேசப்போறா பாரு."

விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குத் தைத்துவிட்டது. திரும்பி வந்ததும் ஒரு சட்டம் போட்டேன். வீட்டில் ஆங்கிலத்தில் கேட்டால் நான் பதில் சொல்ல மாட்டேன். யாழினி ஏதோ கேட்பாள், நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விடுவாள்.

"பாவம், விடேன்," என்பார் கணவர்.

"நீங்க சும்மா இருங்க. நாளைக்கு ஊர்ல நாந்தான பேச்சு வாங்கணும்?"

குளிர்காலத்தில், வருஷாவருஷம் போலவே, அவளுக்குச் சளி மேல் சளி. ஒருநாள் மிஸ் ஹெலன் என்னைத் தனியே அழைத்து, யாழினியின் காதைச் சோதித்துப் பார்த்தீர்களா என்று கேட்டார். எங்கள் தமிழைத்தான் குறை சொல்கிறார் என்று எனக்குப் பட்டது. "வீட்டில் நாங்கள் வேறு மொழி பேசுகிறோம், அதனால்தான்," என்றேன் விறைப்பாக. அவர் மெதுவாகச் சொன்னார்: "மொழியைச் சொல்லவில்லை. பின்னாலிருந்து கூப்பிட்டால் அவள் திரும்புவதில்லை. வகுப்பிலும் எதிரே போய் உட்கார்ந்துதான் பேசுகிறேன்."

சோதித்ததில் இரண்டு செவிப்பறைகளுக்கும் பின்னால் நீர் கட்டியிருந்தது. சளிக்குப் பிறகு சிறு பிள்ளைகளுக்கு வருவதுதான் என்றார் மருத்துவர். தண்ணீருக்குள் முங்கியபடி கேட்பது போலிருக்குமாம், ஒருநாள் கூடுமாம், ஒருநாள் குறையுமாம். மருந்து எதுவும் எழுதவில்லை. பெரும்பாலும் தானாகவே வற்றிவிடும், மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம், அப்போதும் சரியாகக் கேட்காவிட்டால் செவிப்பறையில் சின்னக் குழாய் வைப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்றார்.

"அதுவரை நான் என்ன செய்யட்டும்?"

"டிவியை நிறுத்துங்கள். பக்கத்தில் போய், உங்கள் முகம் தெரியும்படி பேசுங்கள்."

காது சரியாகக் கேட்காத குழந்தைக்குத்தான் நான் அத்தனை நாள் பதில் சொல்லாமல் இருந்திருக்கிறேன்.

போனில் அக்கா கொதித்தாள். "மூணு மாசமா? இங்கன்னா சாயங்காலமே காது டாக்டர பாத்துட்டு வந்துருப்பேன். பூண்டு தட்டிப் போட்டு எண்ண காய்ச்சி ரெண்டு சொட்டு வுடுடி."

"அதெல்லாம் வுடக் கூடாதாம்க்கா. நீர் செவிப்பறைக்கு அந்தாண்ட இருக்கு. எண்ண அங்க போவாது."

சொன்னேனே தவிர, சாயங்காலமே டாக்டரைப் பார்க்க முடிகிற அவளைப் பார்த்து வயிறு எரிந்தது. காத்திருப்பது வைத்தியமா, கைவிடுவதா? எண்ணெய்க் கரண்டியை இரண்டு முறை அடுப்பில் வைத்து, இரண்டு முறையும் இறக்கினேன்.

பிறகு டிவியை அணைத்தேன். சட்டத்தையும் எடுத்துவிட்டேன். யாழினியின் எதிரே முட்டி போட்டு, "தோசையா, சாதமா?" என்றேன். என் வாயையே பார்த்தாள். "தோச," என்றாள்.

மூன்றாம் மாதச் சோதனைக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. நேற்று அவளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தபோது அக்கா வீடியோவில் அழைத்தாள். வழக்கம்போலத் தன் போனை மிக்ஸிமேல் சாய்த்துவிட்டு, திரையில் மின்விசிறி மட்டும் சுற்ற, எங்கிருந்தோ பேசினாள். யாழினி திரையை நோக்கிக் குனிந்தாள்.

"பெரியம்மா, முன்னாடி வந்து பேசுங்க. மூஞ்சி தெரியல."

"அடி என் கண்ணு," என்று ஈரக்கையோடு ஓடிவந்தாள் அக்கா.

அவ்வளவு நீளமான தமிழை என்னிடம் யாழினி பேசியதே இல்லை. மிஸ் ஹெலனைப் போலவே நானும் ஒரு முட்டியைத் தரையில் ஊன்றியபடி, கையில் தோசைத் துண்டோடு, அக்காவைப் பார்த்துச் சிரிக்கும் என் மகளைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகம் என் பக்கம் திரும்பட்டும், பிறகு கூப்பிடலாம் என்று காத்திருந்தேன்.