சிவப்பு டேக்கில் எழுதாத பெயர்

ரிஸ்வானின் பையைத் திறந்தால் ஏலக்காய் வாசம்... விமான எண்ணெய் நாற்றத்தையும் மீறி மூக்கில் ஏறும்.

அவன் மாத்தளை டவுன். நான் இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். இரண்டு பேருக்கும் ஒரே ஹேங்கரில் விமானங்களுக்குக் கரண்ட் வேலை. லீவுக்கு ஒரே பஸ்ஸில் ஊருக்கு வருவோம். அவனுக்கு ஜன்னலோரம், எனக்கு அவன் தோளில் தூக்கம்.

விமானத்தில் ஜெனரேட்டர் கரண்ட் பிரிந்து பிரிந்து லைட்டுக்கு, சமையல் அடுப்புக்கு, பைலட்டின் கருவிகளுக்கு என்று போகும். ஒவ்வொரு வழிக்கும் ஒரு பிரேக்கர், சின்னக் கறுப்புக் குமிழ். வேலை நடக்கும்போது குமிழை வெளியே இழுத்துக் கரண்டை நிறுத்தி, பெயர் எழுதிய சிவப்பு டேக்கை மாட்ட வேண்டும். அந்தப் பெயருக்குரியவன்தான் திரும்பத் தள்ளலாம்.

அன்றைக்கு அவன் பின்னால், அடுப்பு வயரை மாற்றப் போனான். நான் காக்பிட்டில் குமிழை இழுத்தேன்.

"டேக் மாட்டிட்டியா மச்சான்? கைய வைக்கப் போறேன்!"

"மாட்டுறேன், நீ வேலையப் பாரு."

டேக் கட்டு கீழே மேசையில் இருந்தது. எடுக்க இறங்கினேன். அங்கே பிளேன்டீ வந்திருந்தது, கிரிக்கெட் பேச்சும்... பத்து நிமிஷம் இருக்கும். டேக்கை மறந்தே போனேன். திரும்பி ஏறினால், ஒரு குமிழ், தானாக ட்ரிப் ஆனது போல, வெளியே துருத்திக்கொண்டு நின்றது.

தோட்டத்து வரிசை வீடுகளில், எங்கள் லயத்தில், மழைக்கு ட்ரிப் சுவிட்ச் விழுந்தால், பக்கத்தில் நிற்பவர் கை தானாகப் போய்த் தூக்கிவிடும். ஏன் விழுந்தது என்று யாரும் கேட்க மாட்டோம்.

என் கையும் தானாகப் போய்க் குமிழை உள்ளே தள்ளியது.

"உம்மா!" என்று பின்னாலிருந்து ஓர் அலறல்.

விசாரணையில் அவன் சொன்னான்: "டேக் மாட்ட நான்தான் மறந்துட்டேன், சேர்." எங்கள் லயத்திலிருந்து இப்படி ஒரு வேலைக்குப் போன முதல் ஆள் நான் என்று அவனுக்குத் தெரியும். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. கோழை.

வலது கையில் மூன்று விரல் இன்னும் மடங்காது அவனுக்கு. இப்போது டவுனில் வாப்பாவின் கடையில், இடது கையால் ஏலக்காய் நிறுத்துக் கொடுக்கிறான். போனால், "வா மச்சான், டீ குடிக்கிறியா?" என்கிறான். ஏசினால்கூடத் தாங்கிக்கொள்வேன்.

நான் இன்னும் அதே ஹேங்கரில். "டேக் விஷயத்துல இவரப் பார்த்துப் படிங்க" என்று புதிதாக வருகிறவர்களிடம் என்னைக் காட்டுகிறார்கள்.

லீவுக்கு அதே பஸ். ஜன்னலோரம் எனக்கே கிடைக்கிறது. தூக்கம்தான் வருவதில்லை.

இதைப் படிக்கும் உங்களில் யாருக்கும் நான் இதைச் சொன்னதில்லை. அந்த டேக்கில் இருந்திருக்க வேண்டியது என் பெயர். இத்தனை வருஷம் கழித்து இங்கே எழுதுகிறேன்...

எழுதி என்ன? அவனுடைய அந்த மூன்று விரலில் ஒன்றுகூட மடங்கப் போவதில்லை.